நலமாக இருக்கிறார், ஓய்வெடுக்கிறார்

போன ஆவணி மாதம் வரைக்கும் சர்வசுபம் மல்டி ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிகூடச் செத்ததில்லை. சந்தேகப்பட்டவர்கள் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எந்த நேரத்தில் கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும், ஆஸ்பத்திரியின் சேர்மனே தன் குரலில் பதில் சொல்லியிருப்பார். பெரிய மனிதர் குரலை இலவசமாகக் கேட்க இப்படி ஒரு வசதி திருப்பதியில் வேறு எங்கும் கிடையாது.

ரேணிகுண்டா போகிற சாலையில் ஐந்து மாடியும் உச்சியில் ஒரு கலசமுமாக நிற்கிற கட்டடம் அது. சேர்மன் டாக்டர் ஆதிகேசவன் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து இங்கே காலூன்றியவர். கைராசிக்காரர் என்று பெயர். அந்தக் கைராசியை எமகண்டத்தில் வெளியே எடுக்கமாட்டார். ராகுகாலத்தில் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறக்க விடமாட்டார். உள்ளே படுத்திருப்பவர் மயக்கத்தில் இருப்பதால் காத்திருப்பதில் அவருக்கு ஒன்றும் சிரமமில்லை என்பது சேர்மனின் வாதம்.

இரண்டு வருடம் முன்பு ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சோடு ஓர் அறிவிப்புப் பெட்டியைச் சேர்த்தார்கள். அதன் வேலை எளிது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எக்ஸ்சேஞ்ச் அந்த அழைப்பைப் பெட்டியிடம் கொடுத்துவிடும். பெட்டி தனக்குள் பதிந்து வைத்திருப்பதை முதலிலிருந்து கடைசிவரை சொல்லும். சொல்லி முடித்த பிறகுதான் ரிசப்ஷனில் இருக்கிற மனிதப் பிறவிக்கு மணி அடிக்கும். பெட்டியை மாட்ட வந்த பெங்களூர்க்காரர் இதில் நூறு வாசகம் வரைக்கும் பதியலாம் என்றார்.

சேர்மன் தன் ஜோசியரைக் கேட்டார். ஜோசியர் கண்ணை மூடி யோசித்தார். பெட்டியை அக்னி மூலையில் வைத்து, பூஜை போட்டு, சுபமுகூர்த்தத்தில் வாய் திறக்க வைக்கப் போகிறோம். அப்படிப்பட்ட வாயில் அமங்கலச் சொல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆகாது என்றார். 'சாவு' கூடாது. 'கவலைக்கிடம்' கூடாது. 'இல்லை' என்ற சொல்லே கூடாது. நம் வீடுகளிலும் அரிசி தீர்ந்தால் 'நிறைந்துவிட்டது' என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். சேர்மன் கடைக்குப் போகிற பகுதியை மட்டும் விட்டுவிட்டார்.

அமங்கலத்தையெல்லாம் களைந்த பிறகு மூன்று வாசகங்கள் தேறின. 'டாக்டர் வந்துகொண்டிருக்கிறார்.' 'உங்கள் நோயாளி நலமாக இருக்கிறார், ஓய்வெடுக்கிறார்.' 'வாழ்த்துகள், உங்கள் நோயாளி புறப்படத் தயாராக இருக்கிறார், வண்டியோடு வரவும்.' இந்த மூன்றையும் சேர்மன் தெலுங்கு, ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று நான்கு மொழியிலும் தானே பேசிப் பதிவு செய்தார். மிச்ச இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. பெட்டிக்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் கட்டினார்கள்.

இந்தப் பெட்டியிடம்தான் கங்கையா வந்து மாட்டிக்கொண்டார்.

கங்கையாவுக்கு ஊர் ராமகுப்பம் பக்கம். அவர் அப்பா துலுக்காணம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்து உழைத்து, கடைசியில் இரண்டு ஏக்கர் சொந்தமாக வாங்கி, அதில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தவர். கிழவருக்கு மூச்சு வாங்கியது. குப்பத்து டாக்டர் திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொன்னார். சர்வசுபம் வாசலில் 'அரசு அட்டை செல்லும்' என்று பெரிய போர்டு இருந்ததால் ஆம்புலன்ஸ் டிரைவர் நேரே அங்கே திருப்பிவிட்டான்.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது துலுக்காணம் மகனின் கையைப் பிடித்து இழுத்தார். அவருக்குத் தன் மூச்சைவிடப் புழுவின் மேல்தான் கவலை.

"டே கங்கையா, புழு பழுத்துக்கினு வருது. நாளைக்கி கூடு கட்ட சந்திரிகைத் தட்டுல ஏத்தணும். மணியம்மா ஒண்டியா இன்னா பண்ணுவா? கூடு கட்டிச்சா இல்லியான்னு என்கிட்ட வந்து சொல்லு."

"சொல்றேன் நைனா. நீ கம்முனு படு."

"மறக்காத. நான் முளிச்சிக்கினுதான் இருப்பேன்."

கதவு மூடிக்கொண்டது. கங்கையா பின்னாலேயே போகப் பார்த்தார். செக்யூரிட்டி, மலைமேல் சாமி தரிசனத்தில் தள்ளிவிடுகிற பாணியில் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று சொல்லி அவரை ரிசப்ஷன் ஹாலுக்கு நகர்த்தினான்.

அங்கே ஆஸ்பத்திரியின் தகவல் தொடர்பு மேலாளர் தனசேகர் நின்றிருந்தார். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். கழுத்துப்பட்டை, காலையிலேயே பவுடர் போட்ட முகம்.

"பேஷண்டப் பார்க்க அனுமதி கிடையாது. நிலைமையை யார்கிட்டயும் நேர்ல கேட்கவும் கூடாது. எல்லாம் போன்லதான். இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, பேஷண்ட் நம்பரை அழுத்துங்க, பதில் வரும்."

"இன்னா சார் இது. நான் இங்கதான கீறேன். எங்க நைனா மேல கீறாரு. நடுவுல எதுக்கு சார் போனு?"

தனசேகருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. பதில் சொல்ல அவர் நெடுநாளாகக் காத்திருந்தவர்போல நிமிர்ந்தார்.

"மனுஷங்க சொன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. ஒரு நர்ஸ் பரவால்லைம்பா, இன்னொரு நர்ஸ் மோசம்பா. எங்க மெஷின் ஏழை பணக்காரன், படிச்சவன் படிக்காதவன் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லும். இதுக்குப் பேர்தான் சமத்துவம். போன வருஷம் நடந்த மாநாட்டுல இதுக்கு எங்களுக்குக் கேடயம் குடுத்திருக்காங்க."

கேடயம் ரிசப்ஷன் மேஜையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஹர்ஷினி என்ற பெண் இருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு டெலிபோன் இருந்தது. கங்கையா அவளுக்கு நேர் எதிரே நின்று தன் செல்போனில் அந்த நம்பரை அடித்தார்.

முதலில் கோயில் மணியோசை கேட்டது. கங்கையா அனிச்சையாகச் செருப்பைக் கழற்றினார். பிறகு சுலோகம். பிறகு தெலுங்கில் சேர்மனின் வரவேற்பு, பிறகு அதுவே ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழ் வருவதற்குள் கங்கையா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். ஒருவழியாக நோயாளி எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினார்.

'உங்கள் நோயாளி நலமாக இருக்கிறார், ஓய்வெடுக்கிறார்.'

அறிவிப்பு முடிந்ததும் எதிரே ஹர்ஷினியின் மேஜையில் மணி அடித்தது. அவள் எடுத்து, கங்கையாவின் முகத்தைப் பார்க்காமல், "சர்வசுபம், வணக்கம்" என்றாள்.

"அம்மா, நான்தாம்மா. இங்க நிக்கிறேன் பாரு."

"சொல்லுங்க சார்" என்றாள் போனுக்குள்.

"எங்க நைனா எப்பிடி கீறாருன்னு மேல கேட்டு ஒரு வார்த்த சொல்லும்மா."

"பேஷண்ட் விவரத்துக்கு இணைக்கிறேன் சார், லைன்ல இருங்க."

மறுபடி கோயில் மணி அடித்தது. மறுபடி சுலோகம். பாவம், அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் போனில் இருந்த ஒரே பட்டன் அழைப்பைப் பெட்டிக்குத் திருப்பி அனுப்புகிற பட்டன்தான். ஒரு தடவை யாருக்கோ மனம் இளகி மாடிக்குப் போய் விசாரித்துவந்து சொன்னதற்காக அவளுக்கு மெமோ கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் மணியம்மா ஊரிலிருந்து கூப்பிட்டாள். கங்கையாவின் மனைவி அவள். புழுவோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள். "எல்லாத்தையும் ஏத்திட்டேன்யா. நூலு வுட ஆரம்பிச்சிட்ச்சி. மாமாகிட்ட சொல்லிடு" என்றாள். அடுத்த நாள், "கூடு கட்டிட்ச்சி. இந்த மாதிரி கூட்ட நான் பாத்ததே இல்ல, கெட்டியா கீது" என்றாள். கங்கையா இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். "ஜருகண்டி" என்றான் செக்யூரிட்டி. ஹர்ஷினியிடம் போனார். அவள் போனைக் காட்டினாள். தனசேகரிடம் போனார். "பேஷண்டுக்கு நீங்க தகவல் சொல்றதுக்கு எங்ககிட்ட வசதி கிடையாது. நாங்க சொல்றத நீங்க கேட்கலாம்" என்றார் அவர்.

அதனால் கங்கையா கேட்டார். காலையில் கேட்டார், சாப்பிட்டுவிட்டுக் கேட்டார், சாயங்காலம் கேட்டார். ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றினார். நைனா நலமாக இருந்தார், ஓய்வெடுத்தார். இவ்வளவு நல்ல ஓய்வு அந்த மனிதனுக்கு எழுபது வருடத்தில் கிடைத்ததில்லை என்று கங்கையாவுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

புதன்கிழமை காலையில் அவருக்கே போன் வந்தது. 'வாழ்த்துகள், உங்கள் நோயாளி புறப்படத் தயாராக இருக்கிறார், வண்டியோடு வரவும்.' எந்த வாசல் என்பதை மட்டும் தனியாக ஒரு பெண் குரல் சொன்னது: பின்வாசல்.

கங்கையா பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அப்பாவுக்குப் புது வேட்டி எடுத்தார். மணியம்மாவைக் கூப்பிட்டு, "நைனா வராரு. கறி எடுத்து ஆக்கி வை. ஆஸ்பத்திரிக் கஞ்சி துன்னு நாக்கு செத்துப் போயிருக்கும்" என்றார். கொஞ்சம் கூட்டைப் பிய்த்து எடுத்து வை, வந்ததும் காட்டவேண்டும் என்றும் சொன்னார். வண்டி பேசிக்கொண்டு, முன்சீட்டில் தலையணை வாங்கிப் போட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்.

அங்கே துலுக்காணத்தை வெள்ளைத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். கால் விரலில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. அவர் செத்தது செவ்வாய்க்கிழமை விடியற்காலை.

செவ்வாய்க்கிழமை காலையில் கங்கையா கேட்டிருந்தார். மத்தியானம் கேட்டிருந்தார். சாயங்காலமும் கேட்டிருந்தார். முன்சீட்டுத் தலையணையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரன்தான் வேட்டியைப் பிரித்து உடம்பின்மேல் போர்த்தினான்.

அவர் போட்ட சத்தத்தில் சேர்மனே ஆள் அனுப்பி அறைக்கு அழைத்தார். குளிர்சாதனம், சந்தன வாசனை, மூலையில் தண்ணீரில் மிதக்கும் பூ. ஆதிகேசவன் கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் இப்படிப்பட்ட சமயத்தில் விளக்கம்தான் கொடுப்பார்கள்.

"பாருப்பா, அது நோயாளியோட நிலைமையைச் சொல்ற வாசகம்னு நீ எடுத்துக்கிட்டது உன் தப்பு. அது ஒரு மங்கள வாசகம். 'வருக வருக'ன்னு வாசல்ல எழுதியிருக்கோம், அதுக்காக எல்லாரையும் உள்ளே விடறோமா? எங்க மெஷினோட வாயில 'இல்லை'ங்கற சொல்லே வராது. இந்த ரெண்டு வருஷத்துல போன்ல விசாரிச்ச அத்தனை நோயாளியும் நலம். நூத்துக்கு நூறு. அமெரிக்காவுல காட்டு, இந்த மாதிரி ஒரு ஆஸ்பத்திரி."

"எங்க நைனா செத்துட்டாரு சார்."

சேர்மன் முகத்தைச் சுளித்தார். அந்த அறையில் அந்தச் சொல் விழுந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "அதை நாங்க சொல்லலையே. நீதான் சொல்ற" என்றார்.

"அதான் சார் கேக்கறேன். நீங்க சொல்லுங்க. செத்துட்டாருன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லுங்க. செத்தப்பறம் நல்லா கீறாருன்னு சொன்னது பொய்யினு சொல்லுங்க. நான் போய்டறேன்."

"நல்ல நேரம் பார்த்துச் சொல்றேன்" என்றார் சேர்மன். தனசேகர் கதவைத் திறந்துவிட்டார்.

துலுக்காணத்தை ஊருக்குக் கொண்டுபோய் அவருடைய மல்பெரித் தோட்டத்து மூலையிலேயே அடக்கம் செய்தார்கள். காட்டுவதற்காக மணியம்மா எடுத்து வைத்திருந்த கூடுகளைக் கங்கையா அப்பாவின் கையில் வைத்து மூடினார். காரியம் முடிந்த அன்று சாயங்காலம் செல்போனை எடுத்து அந்த நம்பருக்குப் போட்டார். நைனா நலமாக இருந்தார். தப்பான எண்ணை அழுத்திப் பார்த்தார். அவரும் நலம். கொட்டகைக்குப் போய் மாட்டின் காதில் தொங்குகிற அரசாங்கத் தோட்டைத் திருப்பி, அதிலிருக்கிற நம்பரை அழுத்தினார். 'உங்கள் நோயாளி நலமாக இருக்கிறார், ஓய்வெடுக்கிறார்.' மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி தன் ஆயுளில் சொன்ன ஒரே உண்மை இதுவாகத்தான் இருக்கும்.

கங்கையா சிரித்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு. மணியம்மாவுக்கு அதைக் கேட்டுப் பயம் வந்துவிட்டது.

"இன்னாய்யா பண்ணப்போற? போலீசு கீலீசுன்னு மாட்டிக்காத."

"நான் இன்னா பண்ணப்போறேன்? எனுக்கு ஒருத்தரும் சொல்லல. நான் நாலு பேருக்குச் சொல்லப்போறேன். அவ்ளோதான்."

அடுத்த வாரம் கங்கையாவின் டிராக்டர் சர்வசுபம் வாசலுக்கு எதிரே, டீக்கடை நிழலில் வந்து நின்றது. டிரெய்லரில் பச்சை மூங்கில், தென்னங்கீற்று, வைக்கோல், புதுச் சட்டிப்பானை, சாமந்தி மாலை, கூடவே தப்பட்டை அடிக்கிற நான்கு பேர். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து போனைக் காதில் வைக்கிற ஒவ்வொரு குடும்பத்திடமும் கங்கையா மரியாதையாகப் போய் நின்றார்.

"இன்னா சொல்லிச்சி? நலமா கீறாருன்னுச்சா? எங்க நைனாவுக்கும் அதான் சொல்லிச்சி, செத்தப்பறம் கூட மூணு வாட்டி. உங்குள்து உசுரோட கீறாரா இல்லியான்னு எனுக்குத் தெரியாது. உங்குளுக்கும் தெரியாது. எதுக்கும் ரெண்டுக்கும் ரெடியா இருங்க. மூங்கிலு நான் தரேன். உசுரோட வந்தா திருப்பிக் குடுத்துருங்க, அவ்ளோதான்."

இதில் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? காளஹஸ்தியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று முதலில் தயங்கியது. கங்கையா தன் போனிலேயே மாட்டு நம்பரை அழுத்திக் கேட்கவைத்தார். மாடு நலம் என்று தெரிந்ததும் அந்த வீட்டுப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பாடை கட்டி முடிந்தது. சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பெரியவர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டே சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். மூத்த மகன் மீசையை எடுத்துவிட்டு ஈரவேட்டியோடு நிற்பதைப் பார்த்து, "எவுருரா போயிந்தி?" என்று, செத்தது யாரென்று தெலுங்கில் கேட்டார். சத்தியவேட்டிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை பிரசவ வார்டுக்குப் போன் போட்டு 'நலமாக இருக்கிறார்' என்று கேட்டதும் மயங்கி விழுந்து அதே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவரைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அதே பதில் கிடைத்தது.

சேர்மன் போலீசைக் கூப்பிட்டார். வந்த எஸ்.ஐ. டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தார். மூங்கில் வைத்திருப்பது குற்றமில்லை. மேளக்காரர்கள் டீ குடிப்பதும் குற்றமில்லை. எஸ்.ஐ.யின் மாமியார் மூன்றாம் மாடியில் இருந்தார். எஸ்.ஐ. ஓரமாகப் போய் அந்த நம்பருக்குப் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, எதற்கும் நல்லதாக ஒரு மாலை எடுத்து வைக்கும்படி கங்கையாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தனசேகர் அவசரக் கூட்டம் போட்டார். பெட்டியில் காலியாக இருக்கிற இடத்தில், செத்தவர்களுக்குத் தனியாக ஒரு வாசகம் பதிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஹர்ஷினி சொன்னாள். அவளுக்கு இரண்டாவது மெமோ கிடைத்தது. ஜோசியரின் யோசனைப்படி சேர்மன் வேறொன்று பதிந்தார்: 'உங்கள் நோயாளி மிகமிக நலமாக இருக்கிறார், ஓய்வெடுக்கிறார்.' அன்றைக்கு வாசலில் மூங்கில் தட்டுப்பாடே வந்துவிட்டது. இதெல்லாம் தெலுங்குப் பேப்பரில் படத்தோடு வந்தது. நகரி, புத்தூர் தாண்டி காஞ்சிபுரம்வரை செய்தி போய்ச் சேர்ந்தது.

இந்தக் கலவரத்துக்கு நடுவே சேர்மனுக்கு அறுபது முடிந்தது. நாராயணவனத்தில், கல்யாண வெங்கடேஸ்வரர் சன்னிதித் தெருவில் மண்டபம் பிடித்து அறுபதாம் கல்யாணம் ஏற்பாடாகியிருந்தது. ஆவணி மாத முகூர்த்தம். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் தாலி. சேர்மன் வீட்டு அம்மாள் உறவுக்காரர்களோடு முதல்நாளே மண்டபத்துக்குப் போய்விட்டார். சேர்மனுக்குப் பலகாரம் ருசி பார்த்ததில் வாயு பிடித்துக்கொண்டது. தன் ஆஸ்பத்திரியிலேயே ஐந்தாம் மாடியில் படுத்து, காலையில் நேராக மண்டபத்துக்கு வருவதாகச் சொன்னார். படுக்கும் அறையில் செல்போன் அனுமதி கிடையாது. அது அவரே போட்ட சட்டம். கொடுத்த மாத்திரையில் நன்றாகத் தூங்கிவிட்டார்.

காலையில் நேரமானதும் மண்டபத்திலிருந்து அம்மாளின் தம்பி, சேர்மனின் மச்சான், அவருடைய செல்லுக்குப் போட்டார். அணைத்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரி நம்பருக்குப் போட்டார். கோயில் மணி, சுலோகம், நான்கு மொழி. அறை எண்ணை அழுத்தினார். 'உங்கள் நோயாளி மிகமிக நலமாக இருக்கிறார், ஓய்வெடுக்கிறார்.' அதுவும் மாமாவின் குரலிலேயே. மச்சான் கையிலிருந்த போன் சந்தனக் கிண்ணத்தில் விழுந்தது. பேப்பர் படித்தவர்கள் அந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அம்மாள் மணையிலிருந்து எழுந்த கோலத்திலேயே வேனில் ஏறினார். நாதஸ்வரக்காரர்கள் பின்னால் வந்த வேனில் ஏறினார்கள். கல்யாண மாலைகளைப் போகிற காரியத்துக்கு ஆகும் என்று யாரோ அள்ளிப் போட்டார்கள்.

வேன்கள் வந்து நின்றபோது கங்கையா அப்போதுதான் டீயை முடித்திருந்தார். பட்டுப்புடவைகளைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். யாரென்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் மேளக்காரர்களிடம் ஒன்றும் அடிக்கவேண்டாம் என்று கை காட்டிவிட்டு, கூட்டத்தோடு உள்ளே போனார்.

"எங்க வீட்டுக்காரர் உசிரோட இருக்காரா? சொல்லும்மா!" என்று அம்மாள் ஹர்ஷினியின் மேஜையைத் தட்டினார்.

ஹர்ஷினி இரண்டு மெமோ வாங்கியவள். சேர்மன் சற்றுமுன் பொங்கல் கேட்டு அனுப்பியது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சட்டம் சட்டம். "நேர்ல சொல்லக்கூடாதும்மா. போன்ல கேளுங்க" என்று நம்பர் எழுதிய பலகையைக் காட்டினாள். ஹாலில் நாற்பது பேர் ஒரே சமயத்தில் போன் போட்டார்கள். லைன் கிடைத்தவர்கள் காதிலெல்லாம் அவர் மிகமிக நலமாக இருந்தார். எழுந்த ஒப்பாரி ஐந்தாம் மாடிக்குக் கேட்டது.

லிப்ட் திறந்தது. பட்டுவேட்டி, கையில் பொங்கல் தட்டு, சேர்மன் ஆதிகேசவன் வெளியே வந்தார். அம்மாள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். மற்றவர்கள் அமைதியானார்கள். ஆனால் அதற்குள் காஞ்சிபுரத்திலும் வேலூரிலும் சென்னையிலும் இருக்கிற மிச்ச உறவு எல்லோரும் அதே நம்பருக்குப் போட்டுக் கேட்டு, வண்டி பிடித்துக் கிளம்பிவிட்டிருந்தார்கள். மச்சான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "மாமா நல்லா இருக்கார்" என்றார். அந்தப் பக்கம் அழுகை பெரிதாயிற்று.

"நான் சாகலைய்யா!" என்று சேர்மன் அலறினார். அந்தக் கட்டடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் அமங்கலச் சொல் அது. தனசேகர் பதறிப்போய் அக்னி மூலையைப் பார்த்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து கங்கையா பேசினார். "நேர்ல சொன்னா செல்லாது சார். போன்ல சொல்லுங்க."

ஹால் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் செருப்போடு முன்னால் வந்தார்.

"பெட்டியில பதிய வைங்க சார். சாகலைன்னு. ஆனா ஒண்ணு. செத்தவன செத்தான்னு சொல்லாத பெட்டி, சாகலைன்னு சொன்னா எவன் நம்புவான்? மொதல்ல செத்த ஒருத்தர செத்தாருன்னு சொல்லட்டும். அப்பறம் உங்களச் சாகலைன்னு சொன்னா ஜனம் நம்பும்."

மச்சானுக்கு இது உடனே புரிந்தது. வக்கீல் அவர். "சரியாத்தானே சொல்றார். மாமா, யாராவது செத்திருக்காங்களா உங்க ஆஸ்பத்திரில?" என்று கேட்டார். சேர்மன் பொங்கல் தட்டை ஹர்ஷினியின் மேஜையில் வைத்தார். காஞ்சிபுரத்து வேன்களின் முதல் வண்டி திருத்தணியைத் தாண்டிவிட்டதாக ஒரு போன் வந்தது.

பெட்டி இருந்த அறைக்குப் போனார்கள். எலுமிச்சம்பழம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. முகூர்த்த நேரம் தாண்டி ராகுகாலம் தொடங்கியிருந்தது. சேர்மன் பதிவு செய்கிற ரிசீவரைக் கையில் எடுத்தார்.

"ராமகுப்பம் திரு. துலுக்காணம் இறைவனடி சேர்ந்தார்..."

"வேணா சார்" என்றார் கங்கையா. "அவரு எங்கியும் சேரல. உங்க மேமாடியில என்னியத் தேடிக்கினே செத்துட்டாரு. செத்துட்டாருன்னு சொல்லுங்க."

சேர்மன் மனைவியைப் பார்த்தார். அம்மாள், "சொல்லித் தொலைங்க" என்றார்.

சொன்னார். நான்கு மொழியிலும் சொன்னார். கங்கையா பக்கத்திலேயே நின்று, விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அது முடிந்த பிறகுதான் 'சேர்மன் ஆதிகேசவன் சாகவில்லை' என்பதைப் பதிய விட்டார். பிறகு வாசலுக்கு வந்து மிச்ச மூங்கிலை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார்.

அறுபதாம் கல்யாணத்துக்கு மறு முகூர்த்தம் கிடைக்கவில்லை என்று கேள்வி. துலுக்காணம் வாசகத்தை அழித்துவிட தனசேகர் பலதடவை கோப்பு எழுதினார். முதலாவதை அழித்தால் இரண்டாவதை எவரும் நம்பமாட்டார்கள் என்று மச்சான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் இன்றைக்கும் யார் அந்த நம்பருக்குப் போட்டாலும், கோயில் மணியும் சுலோகமும் முடிந்த கையோடு அதுதான் முதலில் வருகிறது.

கங்கையா தினமும் காலையில் புழுவுக்கு இலை போட்டுவிட்டு, மல்பெரித் தோட்டத்து மூலைக்குப் போகிறார். போனை மண்மேட்டின்மேல் வைத்து சத்தமாகக் கேட்கவிடுகிறார். மணியோசைக்கு இப்போது செருப்பைக் கழற்றுவதில்லை.

'ராமகுப்பம் துலுக்காணம் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எங்கள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். செத்த பிறகும் அவர் நலமாக இருப்பதாக அவர் மகன் கங்கையாவிடம் மூன்று தடவை சொன்னோம். அது பொய். பட்டுப்புழு கூடு கட்டிவிட்டது என்று மகன் கொண்டுவந்த செய்தியை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. இவண், சேர்மன் ஆதிகேசவன். மீண்டும் கேட்க எண் ஒன்பதை அழுத்தவும்.'

நேற்று மணியம்மா தழைக்கட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். "தெனமும் இதேதானா? எத்தினி வாட்டிதான்யா கேப்ப?" என்றாள்.

"எனுக்கு எத்தினி வாட்டி நலமா கீறாருன்னு சொன்னான் அவன்? எத்தினி ஊட்டுக்குச் சொன்னான்? அத்தினி வாட்டியும் சொல்லட்டும்."

கங்கையா குனிந்து ஒன்பதை அழுத்தினார்.